கோரம்

விதி பதினொன்று:
ஏழு பேர் இருந்தால்தான் பொதுக்குழு.
காந்தி ரோட்டு லாட்ஜ் அறையில்
ஆறு பேர் இருந்தோம்.
ஏழாமவர் எபனேசர்
சி.எம்.சி. கட்டிலில், மூக்கில் குழாயோடு.

தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தோம்.
ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான், என்றார் காவலாளி.
நஸ்ருல்லா பேரம் பேசிப் பார்த்தார்,
இரவில் இறங்கினால் பத்து மணி நேரம் ஓய்வென்று
முதலாளியிடம் எழுதி வாங்கிய அதே குரலில்.
நடக்கவில்லை.
நோட்டு என்னிடம் என்பதால் நான் உள்ளேயே நிற்க,
ஒருவர் போய் ஒருவர் வர,
ஐந்து தவணையில் கூடியது
எங்கள் கடைசிக் கூட்டம்.

பதிவு எண் வந்த நாளில் நாற்பத்து மூன்று பேர்.
பெரிய சங்கத்தின் வால் வேண்டாமென்று
தனியாக முத்திரை செய்தோம்.
'விமாணிகள்' என்று வந்தது.
மாற்றலாம் மாற்றலாம் என்றே
பதினாறு வருடம் அதையே குத்தினோம்.

பதினொரு நாள் எதுவும் பறக்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் இரவு
பத்தொன்பது துணை விமானிகளின் தோளில்
நாலாவது பட்டை ஏறியது.
மிரட்டல் இல்லை, போலீஸ் இல்லை,
விரலகலத் தங்க நூல்.

அந்தப் பட்டியலில் பதினாலாவது பெயர் என்னுடையது.
பொருளாளர் பதவியைப் பிடுங்குவார்கள் என்றிருந்தேன்.
கணக்கெழுத வேறு ஆளில்லை, என்று
எபனேசர் சொல்லிவிட்டார்.
அவரை அதற்கப்புறம் யாரும்
காக்பிட்டில் உட்காரவைக்கவில்லை.
கம்பெனியும் ஆறே வருடத்தில் ஏலத்துக்குப் போனது;
என் பட்டை அலமாரியில் இருக்கிறது.

கலைத்துவிடலாமா, என்று குனிந்து கேட்டேன்.
கையிருப்பு எவ்வளவு, என்றார்.
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
சந்தா பாக்கி?
ஒருவர்தான்.
பெயரைக் கேட்கவில்லை.
ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்டிய விரல்
கொஞ்சம் எழுந்தது.
சம்மதமா, கிளிப் உறுத்தியதா, தெரியாது.
'ஏகமனதாக' என்று எழுதினேன்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து
அப்துல்லாபுரம் போனோம்.
விமானம் வந்து சேராத ஓடுதளம்.
வேலிக்கு வெளியே நின்றதும்
ஆறு பேரும் புல் சாயும் பக்கம் பார்த்தோம்.
மேற்குக் காற்று, பத்து நாட், என்றார் ஒருவர்.
எட்டு, என்றார் இன்னொருவர்.
ஓட்டுக்கு விடலாமா என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

காத்திருந்ததற்கு முப்பது ரூபாய் சேர்த்துக் கேட்டார் ஆட்டோக்காரர்.
சங்கக் கணக்கிலா, என் பையிலிருந்தா என்று
நான் நின்றுகொண்டிருக்க,
நஸ்ருல்லா பேரத்தை ஆரம்பித்திருந்தார்.