மாவுக்கட்டு

இருபத்திரண்டு ஆண்டாகக்
கொட்டகை மூலையில் கிடந்தது அந்த மாவுக்கட்டு.
மேலே நீல மையில் ஓர் எண்,
பக்கத்தில் "முதலை?" என்று ஓர் ஐயம்.
எழுதிய ரொசெந்தோ காயுகேயோ
அப்புறம் பேருந்து ஓட்டப் போய்விட்டார்.

பத்தகோனியாவில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
கழற்றி எடுத்துக்கொண்டு போகும்.
ஜூன் வந்தால் எல்லோரும் உள்ளேதான்.
இந்த ஜூனில் பிரிக்க வேறு கட்டு மிச்சமில்லை,
அதனால் ரம்பத்தை எடுத்தேன்.

மாவுக்கு அடியில் செய்தித்தாள்,
நனைத்துப் போர்த்தியது, காய்ந்து ஒட்டியிருந்தது.
கம்பளி விலை சரிந்திருந்தது.
நெற்றியில் வெள்ளை விழுந்த குதிரையொன்று காணாமல் போயிருந்தது.
பாதியில் கிழிந்த கால்பந்தாட்டத்தில்
யார் வென்றார்கள் என்பது தெரியாமலே போயிற்று.
அந்தத் தாளுக்குக் கீழே
ஒன்பது கோடி ஆண்டு.

காற்றூசி ஒரு நாளைக்கு
நகக்கண் அளவு பாறையைத் தின்னும்.
மூன்றாம் வாரம் முள்ளெலும்பின் உடைந்த முனை தெரிந்தது.
உள்ளே அறை அறையாக வெற்றிடம்.
முதலைக்கு ஏது இது?
ஓடிப் பிடித்துத் தின்றவற்றுக்கும்
பிற்பாடு பறக்கக் கிளம்பிய அவற்றின் உறவுக்கும்தான்
எலும்புக்குள் காற்று.

மிரேயா இபார்லூசியா
நானூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தாள்.
மேற்கோட்டைக் கழற்றாமலே குனிந்தாள்.
"இந்தப் பள்ளம் வேறு எதிலும் கிடையாது."
இன்னொரு முறையும் சொன்னாள், தனக்கே சொல்வதுபோல.
புதிய இனம் என்றால் இவ்வளவுதான்:
வேறெங்கும் இல்லாத ஒரு பள்ளம்.
யாரும் கத்தவில்லை.
மாத்தேவுக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றியது.

நான் இடது காலின் நடுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே ஒரு புடைப்பு.
உயிரோடிருந்தபோது முறிந்து
தானாகக் கோணலாகக் கூடிய எலும்பு.
எத்தனை மாதம் நொண்டியிருக்கும்?
எதைத் தின்றிருக்கும்?
ஆமையையா, அழுகியதையா,
இன்னொன்று தின்று விட்டுவைத்ததையா?
கட்டுரையில் அது அரை வரி:
"குணமான முறிவு, மூன்றாம் விரல்."
முறிந்த அன்று இல்லாத மாவுக்கட்டு
செத்த பிறகு கிடைத்திருக்கிறது,
அதுவும் இருபத்திரண்டு ஆண்டுக்கு.

பெயர் வைக்கும் பேச்சு வந்தது.
நிலத்துக்காரர் தம் குடும்பப் பெயரை எதிர்பார்த்து
ஓர் ஆட்டுக்குட்டி அனுப்பினார்.
ஆட்டுக்குட்டியைத் தின்றுவிட்டோம்.
பெயர் இன்னும் முடிவாகவில்லை.

ஞாயிறன்று ரொசெந்தோவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"முதலை இல்லையா?"
இல்லை என்றேன்.
எஞ்சின் இரைச்சல் கொஞ்ச நேரம் பேசியது.
"கேள்விக்குறி போட்டிருந்தேனே, பார்த்தாயா?"
பார்த்தேன் என்றேன்.
அந்தத் துண்டு மாவை மட்டும் தூக்கிப் போடவில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவருக்குப் பின்னால் யாரோ
இறங்க வேண்டுமென்று மணியடித்தார்கள்.