இரண்டு ஜன்னல்கள், எட்டரை மணி

காற்று நூற்றுப்பத்து கிலோமீட்டரில் அடிக்கிற நாட்களில்
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படி ஒரு கயிற்றைப் பிடித்துத்தான் போய்ச் சேர்ந்தேன்
எலெயுத்தேரியோ பராஓனாவின் கடைக்கு.
படகு மோட்டார்களுக்கு உதிரி பாகம் விற்பவர்.
கதவைச் சாத்த எங்கள் இரண்டு பேர் தோளும் வேண்டியிருந்தது.

"பார் தனிட்சா, நான் எதையும் தொடவே இல்லை."
தொடவில்லை என்று சொல்லாத வாடிக்கையாளரை
பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை.
பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி இருமியது.
பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக
இரண்டு ஃபோல்டர்கள் வாய் திறந்தன.

ஒன்று சிஸ்டம்32.
இயந்திரத்தின் குடலை மேசைமேல் கொட்டியதுபோல்
நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள்.
தினமும் காலையில் அதை
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடுகிறாராம்.
மற்றது 'அல்மாசேன்'. கிடங்கு என்று அர்த்தம்.
"இது பயமுறுத்தவில்லை. இருந்தாலும் போகட்டும்."

முதலில் சுலபமானவை.
'முந்தைய ஜன்னல்களை மறுபடி திற' என்ற கட்டத்தில் டிக் இல்லை.
ஸ்டார்ட்அப் ஃபோல்டரில்
பிரிண்டருக்கான ஷார்ட்கட் ஒன்று மட்டும்.
பிரிண்டர் போன குளிர்காலமே செத்துவிட்டது.
அழித்தேன். அணைத்துப் போட்டேன்.
இரண்டும் வந்தன, கடன்காரர்கள்போல், சேர்ந்தே.

அவர் மாத்தே கலக்கப் போனார்.
நான் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கினேன்,
நகல் எடுத்துவிட்டுத்தான்.
எடுக்காமல் இறங்கி ஒருமுறை
ஒரு நண்டு கம்பெனியின் சம்பளக் கணக்கை...
அந்தக் கதை வேண்டாம்.

'ரன்' என்றொரு கிளை.
இயந்திரம் கண்விழித்ததும்
யார் யாரை எழுப்ப வேண்டும் என்ற பட்டியல்.
மூன்றாவது வரியில் பெயர் இருந்தது, முகவரி இல்லை.
வெறுமையை எழுப்பச் சொன்னால்
அது தான் நிற்கிற அறையையே திறந்து காட்டுகிறது:
இங்கே யாருமில்லை, நீயே பார்த்துக்கொள்.

ஆறாவது வரி நீளம்.
அல்மாசேன் சூர், தெற்குக் கிடங்கு, பழைய கணக்கு மென்பொருள்.
விற்ற ஸ்வோனிமிர் கடையைப் பூட்டிவிட்டு
நீரிணை தாண்டி ஆடு வளர்க்கப் போய்விட்டான்.
மென்பொருளைத் தூக்கியாயிற்று. வரி தங்கிவிட்டது,
அதுவும் மேற்கோள் குறி இல்லாமல்.
குறி இல்லையென்றால் இயந்திரம்
முதல் இடைவெளி வரைக்கும்தான் படிக்கும்.
தெற்கைத் தொலைத்துவிட்டு
கிடங்கை மட்டும் திறந்துவைத்து நிற்கும்.

நானும் அப்படித்தான்.
'வருகிறேன், ஆனால்' என்று என் அக்கா எழுதினால்
'வருகிறேன்' வரை படித்துவிட்டு
அறையைக் கூட்ட ஆரம்பித்துவிடுவேன்.

இரண்டு வரிகளையும் நீக்கினேன். அணைத்துப் போட்டேன்.
நீலத் திரை. அதில் ஒரு படகின் படம். வேறொன்றுமில்லை.
பதினைந்தாயிரம் பேசோ. ரசீது.
காற்றே என்னை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் எட்டு முப்பத்தைந்துக்கு போன்.
"தனிட்சா, விலைப்பட்டியல் எங்கே?"
"எங்கே வைத்தீர்கள்?"
"நான் எங்கே வைத்தேன்? அது தானாக வரும்."

நாலு வருடமாக
வந்து நிற்கிற ஜன்னலுக்குள்ளேயே சேமித்திருக்கிறார்.
அது எங்கிருந்து வருகிறது என்று
கேட்கவேண்டிய காலை ஒன்றுகூட வந்ததில்லை அவருக்கு.
பின்னால் யாரோ கார்புரேட்டர் என்ன விலை, என்ன விலை
என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கயிறு. தெரு. கதவு.
அல்மாசேனுக்கு ஒரு ஷார்ட்கட் செய்து
ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டேன்.
இனி காலையில் அது திறக்கும்,
நேற்றுவரை பிழையால், இன்றுமுதல் சொல்லிவைத்து.
திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.
"சரியாகிவிட்டது" என்றார்,
என்ன சரியானது என்று கேட்காமல்.

எடுத்ததற்குக் காசு வாங்கியிருந்தேன்.
திரும்ப வைத்ததற்கு
ஒரு ஸ்பார்க் பிளக் கொடுத்தார், புதுசு, பெட்டியோடு.
என்னிடம் படகு கிடையாது.
பையில் போட்டுக்கொண்டேன்.