இரண்டு செம்பு

முதல் நாள் நுனி மட்டும்.
மறுநாள் காம்போடு தொங்கின,
பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி.
அந்த ஈரத் தொங்கலை
அப்போது நான் கவனிக்கவில்லை.
வாட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஊருக்கெல்லாம் மல்லிகை நாற்று கட்டி அனுப்புகிற
தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு
ஒரே ஒரு தொட்டிச் செடியைக் காயவிட்டவள்
என்று பெயர் வாங்கக் கூடாது.
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணீரில்
ஒரு செம்பு சாய்த்தேன்.
கம்பெனி விட்டு வந்து பார்த்தால்
இன்னும் கொஞ்சம் தலை கவிழ்ந்திருந்தது.
அடுத்த நாள் ஒன்றரைச் செம்பு.

கச்சான் மேல் சந்தேகம் வந்தது.
ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
இங்கே எது கரிக்காது?
ஜன்னல் கம்பி கரிக்கும், காய்ந்த சட்டை கரிக்கும்,
தடைக்காலத்தில் அறுபது நாள் வீட்டில் கிடக்கிற
விசைப்படகுக்காரரும்.

போன் வெளிச்சத்தில் இலைக்கு அடியில் தேடினேன்.
மாவுப்பூச்சி இல்லை. சிலந்தி நூல் இல்லை.
ஒரு கட்டெறும்பு
வெளிச்சம் பிடிக்காமல் திரும்பிப் போனது.
“கண்ணு பட்டிருக்கும்” என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.
இன்னும் ஒரு மொட்டுக்கூட வைக்காததை
யார் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்?

வீட்டில் கேட்க ஆள் இருந்தார்.
கேட்கிற நிலைமை இல்லை.
வலைக்கென்று என் வளையலைச்
சொல்லாமல் அடகு வைத்த நாளிலிருந்து
எங்களுக்குள் போய்வந்தது
சோற்றுத் தட்டு மட்டும்.
பதினோரு நாள்.

காற்றுப் படாத மூலைக்கு நகர்த்தலாம் என்று
தொட்டியைத் தூக்கினேன்.
வரவில்லை.

ஒன்பது வருஷம் நண்டு கம்பெனியில் வேலை.
எடுத்த கைக்கே தெரிந்துவிடும்
இது சதை நண்டு, இது தண்ணி நண்டு என்று.
தராசு அப்புறம்தான் பேசும்.
அந்தக் கை இப்போது கேட்டது:
காய்ந்த மண்ணுக்கு ஏதுடி இவ்வளவு கனம்?

விரலை இரண்டு கணு இறக்கினேன்.
சில்லென்று சேறு.
முகர்ந்தால்
மூடிவைத்த பழைய ஐஸ்பெட்டி நாற்றம்.
தாகத்தில் இல்லை,
மூச்சு முட்டித் தொங்கியிருக்கிறது.
இரண்டையும் சொல்ல
இலைக்கு ஒரே சைகைதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றரைச் செம்புக்கு
இத்தனை சேறு ஆகாதே.
யோசித்து நிற்கும்போது
பின்னால் செருப்புச் சத்தம்.
அருளப்பன்.
கையில் செம்பு, தளும்பத் தளும்ப.

நான் வேலைக்குப் போன பிறகு தினமும் ஊற்றியிருக்கிறார்.
அவரும் வாட்டம் என்றுதான் நினைத்திருக்கிறார்.

“போதும், ஊத்தாதீங்க.”
பன்னிரண்டாம் நாளின் முதல் பேச்சு
அப்படி வந்தது.

தொட்டியைச் சாய்த்துப் பிடித்தார்.
மண் ஒழுகாமல் இருக்க நான் வைத்த சிப்பி
கவிழ்ந்து துளையை அடைத்துக் கிடந்தது.
வலை ஊசியால் நெம்பினார்.
பழுப்புத் தண்ணீர்
அவர் கால்விரல் மேலேயே பாய்ந்தது.
நான் சிரிக்கவில்லை, சிரித்ததாக அவர் சொல்கிறார்.

கறுத்துக் கொழகொழத்த வேரைக்
கத்தரித்து எறிந்தோம்.
வெள்ளையாக இருந்தது ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.
கடல் மணல் வேண்டாம் என்று
நாற்றுப் பண்ணையில் செம்மண் கேட்டு வாங்கிவந்தார்.
அடியில் ஓட்டுச் சில்லு,
சுவரோரம் நிழல்,
நான்கு நாள் சொட்டுத் தண்ணீர் கிடையாது.
ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒன்பது இலை பழுத்து உதிர்ந்தது.
ஆறாம் நாள் உச்சியில் இரண்டு நிமிர்ந்தன.
மற்றவை என்ன ஆகும், தெரியாது.
வளையல் பேச்சு திரும்பவும் வந்தது,
சத்தமாகவே வந்தது.

இப்போது செம்பை எடுக்குமுன் விரல்.
யார் பார்த்தது என்று
ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.
சோறு போடும்போது
அவர் ஆள்காட்டி நகத்தைப் பார்ப்பேன்.
செம்மண் இருந்தால்
இன்று பார்த்தாயிற்று.