துண்டின் மறுமுனை

குத்தாயிசியில் பனி சேறாகும் மாதம்.
மோதிய வேனை ஓட்டிய ஓத்தாரே
தூக்கிவந்தான் அதை.
காதில் மஞ்சள் வில்லை. எண் உண்டு, பெயரில்லை.

எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் தலை
கிண்ணத்தை விட்டு மேலேறி
மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது.

"நேரமாக ஆகத் தசை இறுகும்.
உதவிக்கு ஆளில்லை, நீ பிடி" என்றாள் மக்வாலா.
மயங்கிய நாயின் கவட்டில் துண்டைக் கொடுத்து
அவன் தன் பக்கம் இழுக்க,
அவள் காலை நீட்டி, திருகி, உள்ளே தள்ள

ஒன்றுமில்லை.
மறுபடி.

மூன்றாவதில் டொக்கென்றது.
காதுக்கு முன்னால்
கைக்குத்தான் தெரிந்தது அவனுக்கு.

காலை மடக்கிக் கட்டுப்போட்டாள். பத்து நாள் ஊன்றக்கூடாது.
"எங்கே வைத்துக்கொள்வது?"
ஒரு கையால் வேன் சாவியைத் தேடினான்,
மறுகை
துண்டை இன்னும் விடவில்லை.