ஏழாம் இடம்

வெள்ளிவிழா மலரில் ஒரு பக்கம் காலி.
இருபத்தைந்து ஆண்டு, ஏழு மேலாளர்கள்.
நல்லவரிலிருந்து கெட்டவர் வரை வரிசைப்படுத்துங்கள் சவுந்தரி,
காசோலைப் புத்தகம் உங்களிடம்தானே இருந்தது
என்றார்கள்.

மெர்பேங்க் கூடைப்பந்து அரங்கின் பின்னறை.
தெற்கிலிருந்து காற்று திரும்பினால்
ஆலையின் அழுகிய முட்டை வாடை.
எட்டு மணிக்கு மின்சாரம் போய்விடும்.

முதலிடம் சுலபம், பூபாலன் செட்டி.
இரண்டு கோப்பை. எல்லாப் படத்திலும் நடுவில் அவர்.
அந்த ஐவரில் நால்வரை
உம்லாசிப் பள்ளி மைதானங்களில் வெயில் காய்ந்து
தேடிப் பிடித்தவர் ரெங்கன்.
அவர் காலத்தில் அவர்களுக்கு மீசைகூட அரும்பவில்லை.
தோற்றுக்கொண்டே வளர்ந்தார்கள்.
விதைத்த மாதத்தில் எடை போட்டால்
தட்டில் மண்தான் நிற்கும்.
ரெங்கனுக்கு நான்காம் இடம்.

பூபாலன் போனபின்னும்
முழங்கால் போன ஒருவனுக்கு மூன்று ஆண்டு
மாதம் தவறாமல் நான் கையெழுத்திட்டேன்.
கோப்பைப் படத்தில் அது தெரியாது.

டெரிக் மூட்லி எதுவுமே செய்யவில்லை.
எதுவும் கெடவுமில்லை.
மூன்றாம் இடம்; யோசித்தால் இரண்டாம் இடம்.

கடைசி யாரென்று
சோளம் விற்கும் பையனுக்குக்கூடத் தெரியும்.
தயானந்தன் பெருமாள்.
ஏழடிக்கு இரண்டு விரல் குறைவான லுவாண்டிலேயை
ஜோகன்னஸ்பர்க்குக் கொடுத்துவிட்டு
இரண்டு குட்டை ஆட்டக்காரர்களையும்
இருபத்திரண்டு இருக்கைப் பழைய பேருந்தையும் வாங்கி வந்தவர்.
யானையை விற்று அங்குசம் வாங்கினான்
என்று சுவரில் கரியால் எழுதினார்கள்.
அங்கே போய் லுவாண்டிலே மூன்று கோப்பை தூக்கினான்.
ஒவ்வொரு கோப்பைக்கும் இங்கே
தயானந்தன் காரில் ஒரு டயர் காற்றிழந்தது.

அந்த ஜூன் மாதம் வங்கியில் இருந்தது
நாலாயிரத்து நூறு ரேண்ட்.
பதினொரு பேருக்குச் சம்பளம் பாக்கி.
ஒரு துண்டுச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்தேன்:
'உயரமானவனை விற்றால் ஜூன் தாண்டும்.'
படித்தார்.
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
யாருடைய யோசனை இது என்று
செயற்குழுவில் மேசையைத் தட்டிக் கேட்டபோது
'என்னுடையது' என்றார்.
அதை அப்படியே குறிப்பேட்டில் பதிந்தேன்,
முத்து முத்தான கையெழுத்தில்.

அதற்காக அவரை மேலே ஏற்ற முடியாது.
வாங்கி வந்த இருவரில் ஒருவன்
இடக்கையால் பந்தைத் தொடவே மாட்டான்.
கேப் டவுனிலிருந்து கூட்டி வந்த பயிற்சியாளர்
இரண்டே வாரத்தில் பெட்டி கட்டினார்.
முப்பத்தொரு ஆட்டம், இருபத்தாறு தோல்வி.
சீட்டை நான் எழுதாமல் இருந்திருந்தாலும்
அவர் ஏழாவதுதான்.
ஆனால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.
அச்சடித்தவர்கள் அதைப் பெரிதாகவே விட்டிருக்கிறார்கள்.

விளக்கு போனது.
கைபேசி வெளிச்சத்தில்
அந்தக் கட்டத்தில் நான்கு சொல் எழுதினேன்:
'லுவாண்டிலே விற்பனை, யோசனை பொருளாளர்.'
சின்ன எழுத்தில்தான். அடிக்கவில்லை.

வெளியே ஹாரன்.
அதே பேருந்து, மூன்றாவது கியர்ப்பெட்டி.
பயிற்சி முடிந்த பெண்கள் அணி
ஈரத் தலையோடு ஏறிக்கொண்டிருந்தது.
மழையில் அழுகிய உறையை ஒதுக்கி
முன் இருக்கையில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள்.
முடித்தாயிற்றா என்றார் ஓட்டுநர்.
ஏழாம் இடம் முடிந்தது என்றேன்.
முதலிடத்தைத்தான்
இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும்.