பன்னிரண்டு வோல்ட்

அரசரடி ஸ்கேன் சென்டரில்
மீன்தொட்டி விளக்கு செவ்வாய்க்கிழமை கண்ணடிக்க ஆரம்பித்தது.
புதன் மாலை பாதி செத்தது.
வியாழன், முழுக்க.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு
டோக்கனோடு நெளிகிறவர்களுக்கு
இத்தனை நாளும் தண்ணீரையே காட்டி உட்காரவைத்திருந்தோம்.
விளக்கு போனதும்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தார்கள்.
எத்தனையாவது மாதம், எந்த ஊர், மூத்தது என்ன,
கேள்விகள் நாற்காலி விட்டு நாற்காலி தாவின.
பேரையூரிலிருந்து வந்த ஒருத்தி
பதில் சொல்லாமல் எழுந்து போய்
இருட்டுக் கண்ணாடி முன் நின்றாள்.
அவளுக்காகத்தான் என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் அன்றைக்குத்தான் மூடியைக் கழற்றினேன்.

"புதுசு ஆயிரத்தி எண்ணூறு.
ஆர்டர் போட்டுரு முத்திருளாயி" என்றார்
மேனேஜர் தங்கப்பாண்டி.
கப்பலூரில் நாலு வருஷம்
செட்டாப் பாக்ஸ் போர்டுக்கு ஈயம் வைத்தவளிடம்
அப்படிச் சொல்லலாமா.

முதலில் பிளக்.
டாக்டரம்மாவின் காபி மெஷினைச் செருகிப் பார்த்தேன், ஓடியது.
அடுத்து அடாப்டர். தொட்டால் சில்லென்றிருந்தது.
வேலை பார்க்கிற எதுவும் இப்படிக் குளிர்ந்து கிடக்காது என்று
டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடி
முன்னூற்றைம்பதுக்குப் புதுசு வாங்கி மாட்டினேன்.

அதே இருட்டு.

அப்புறம்தான் ஜெனரேட்டர் பார்க்கிற சோலைமலையிடம்
மீட்டர் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.
பழைய அடாப்டரின் நுனியில் இரண்டு முள்ளையும் வைத்தால்
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பாவம், அதன்மேல் பழி போட்டுவிட்டேன்.
கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறது,
வாங்கத்தான் ஆள் இல்லை.

மூடியைத் திருப்பினால்
போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாய் ஓரமெல்லாம்.
ஒயர் நுழைகிற இடத்தில்
பித்தளைக் குடத்தடிபோல் பச்சைக் களிம்பு.
எலுமிச்சை மூடி, பழைய டூத் பிரஷ்,
பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சு
(ஸ்கேன் சென்டரில் பஞ்சுக்கா பஞ்சம்).
உலர்த்திச் செருகினேன்.
எரிந்தது.
எண்ணினேன்: இருபத்துநாலில் இருபத்தொன்று.

நடுவில் மூன்று மட்டும் அடம்.
மூன்று மூன்றாய்க் கோத்த வரிசை,
ஒன்று போனால் மூன்றும் போகும்.
போனது எது என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது,
மூன்றும் ஒரே மாதிரிதான் கிடக்கும்.
சேஃப்டி பின்னை விரித்து
ஒவ்வொன்றின் தலைக்கும் காலுக்கும் பாலம் வைத்தேன்.
முதலாவதில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் வைத்ததும்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
குப்பென்று விழித்தன.
குனிந்து பார்த்தால் அதன் மஞ்சள் கண்ணுக்குள்
கசகசா அளவு ஒரு கரும்புள்ளி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு,
ஒரு துண்டு ஒயர், ஒரு சொட்டு ஈயம்.
செத்ததை எடுக்கவில்லை, அதன் மேலேயே பாலம்.
மீதி இரண்டும் இனி கொஞ்சம் சூடாகத்தான் எரியும்.
"எம்புட்டு நாள் தாங்கும்?"
"தாங்குற வரைக்கும் சார்."
அடாப்டர் பில்லை நீட்டினேன்.
வேண்டாத செலவு என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
ஈயத்துக்கு அவர் பில் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மறுபடி மீனைப் பார்த்தார்கள்.
விளக்கு வந்ததாக யாருமே சொல்லவில்லை,
அது போனதாகவும் யாரும் சொன்னதில்லை.
சரியாகத் தெரியவில்லை, திரும்ப வாங்க என்று
வரச்சொல்லியிருந்த பேரையூர்க்காரி மட்டும்
பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு
மேலே ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வந்து
"நடுவுல ஒண்ணு எரியலக்கா" என்றாள்.
"ஆமா. அது அம்புட்டுத்தான்."

இன்னும் ரெண்டு மடக்கு குடித்தாள்.
பிறகு விரலை நீட்டினாள்.
எந்நேரமும் பானை ஓட்டுக்குள் ஒளிகிற டேங்க் கிளீனர்
வெளியே வந்து,
அந்த ஒன்றுக்கு நேர் கீழே
கொஞ்சம் மங்கின மணலில்
வயிற்றை வைத்துப் படுத்திருந்தது.