வாய்வழி

மூன்று பனிக்காலம் பிடித்தது.
குழலின் அடியில் விளக்குக் கரி தடவி
மேப்பிள் கட்டையில் அழுத்தி எடுப்பேன்.
கரி ஒட்டிய இடத்தில் மட்டும்
உளியால் ஒரு மயிரிழை.
மறுபடி கரி. மறுபடி உளி.

ஏப்ரலில் குழலுக்கு நிறமேற்ற வேண்டும்.
அதற்கு வழி, துருப்பிடிக்க விடுவது.
குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு
ஆவியில் நான்கு நாள் தொங்கவிட்டேன்.
லெவர்ன் தன் அண்ணன் வீட்டில் போய்க் குளித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
துண்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக உதறினான்.
பிளம் பழத் தோல் நிறம் வந்ததும்
சோடா கரைத்த நீரை ஊற்றி நிறுத்தினேன்.
கூப்பிட்டு வளர்த்த துருவை
இனி ஆயுளுக்கும் அண்டவிடாமல் காக்க வேண்டும்.

சஸ்குவஹானா ஆற்றோரச் சிறு ஊரில்
முப்பத்தோரு வருடமாய் நான் மருந்தாளர்.
கடையின் பழைய தராசுப் பெட்டியில்
கிரெயின் என்று பொறித்த எடைகள் இன்னும் உண்டு.
ஆஸ்பிரினுக்கு ஐந்து கிரெயின்.
என் துப்பாக்கிக்கு அறுபது.
அளவு ஒன்றுதான்.
இதற்கும் வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஜூன், சனிக்கிழமை.
ஐம்பது கெஜத்தில் காகித வட்டம்.
தேன்மெழுகுத் துணி, அதன்மேல் ஈயக்குண்டு,
கோலால் அடிவரை இடித்து,
கிண்ணியில் பொடி தூவி, சிக்கிமுக்கியைப் பின்னிழுத்து
விசையைத் தொட்டேன்.

கிண்ணியில் பளீரென்றது.
அவ்வளவுதான்.

"அசையாதே" என்றார் டார்வின் ஜுக்,
வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
"குறியிலேயே வை. ஒரு நிமிடம்."
உள்ளே நெருப்பு பதுங்கியிருக்கலாம்,
நினைத்துக்கொண்டு வெடிக்கலாம்.

எனக்கு ஒன்று, இரண்டு வராது.
மாத்திரை எண்ணிய கை.
ஐந்து, பத்து, பதினைந்து.
குழல் வாயில் புகை இல்லை.
இருபது.
இருபத்தைந்தில் வந்து நின்றது அந்த பிப்ரவரி:
ஒரு குழந்தையின் புட்டியில்
பத்து மடங்கு வீரியம் கொடுத்தனுப்பிவிட்டு
மேஜையில் தவறான டப்பாவைப் பார்த்தேன்.
வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி
கிளம்பிய காரின் கண்ணாடியில் அறைந்தேன்.
"எதையாவது விட்டுவிட்டேனா?" என்றாள் தாய்.
"ஆமாம்," என்றேன், "நீங்கள்தான்."
புட்டியை மாற்றிக் கொடுத்தேன்.
லெவர்னுக்குக்கூட இது தெரியாது.
நாற்பது. நாற்பத்தைந்து.
தோள் நடுங்கியது; குழல் நடுங்கவில்லை,
அதன் கனம் அப்படி.

அறுபது.

டார்வின் கோலை உள்ளே விட்டு அளந்தார்.
குண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறது.
அடியில் என்றால், அடியோ அடியில்.
அதற்குக் கீழே
மருந்துக்குக்கூட மருந்தில்லை.

மாட்டு மணியை அடித்தார்கள்.
காப்பி டப்பாவில் ஒரு டாலர் அபராதம்.
"ஊருக்கே அளந்து கொடுக்கிறவள்!" என்று
ஆர்லீன் ஹெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
நானும் சிரித்தேன், தேவைக்கு மேலேயே.
அந்த பிப்ரவரிக்கு யாரும் மணி அடிக்கவில்லை.

பற்றுவாய் வழியே நாலைந்து சிட்டிகை திணித்துச் சுட,
இருமினாற்போல் குண்டு வெளியே வந்து
பத்தடியில் புல்லில் விழுந்தது.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ராத்திரி சோப்பு நீர், குளியல் தொட்டி.
அழுகிய முட்டை நாற்றம்.
முதல் துணி கரி, எட்டாவது சாம்பல்.
பன்னிரண்டாவது வெள்ளை என்று சொல்ல ஆசை.
எண்ணெய் இட்டு நிறுத்திவிட்டுக்
குண்டை ஒரு மாத்திரைப் புட்டியில் போட்டு
வழக்கம்போலச் சீட்டு எழுதி ஒட்டினேன்:
ஒன்று. வாய்வழி. மருந்துக்குப் பின்.

கதவுக்கு வெளியே லெவர்ன்,
தோளில் துண்டோடு.
"உள்ளே வா," என்றேன்.
"ஒரு பிப்ரவரி இருக்கிறது, சொல்ல."